கறுப்புக் கண்ணாடியும் 150 யூரோவும்: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். பாரிசுக்கு வந்து சில மாதங்கள்தான், அகதித் தஞ்சம் கேட்ட வழக்கு நடக்கிறது. பழைய ஷெல் காயத்தால் ஒரு கண்ணுக்கு வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது, அதனால் எப்போதும் கறுப்புக் கண்ணாடி. குளிருக்குத் தொப்பி, மஃப்ளர். அறையில் கூட இருப்பவர்கள், "பிரான்சில் முகத்தை மறைத்தால் 150 யூரோ தண்டம், பிரெபெக்சருக்குள் கண்ணாடியோடு போனால் விசாவே கிடைக்காது" என்று வெருட்டுகிறார்கள். பிரெபெக்சர் என்பது வதிவிட அட்டை கொடுக்கும் அரச அலுவலகம். அது உண்மையா என்று கேட்டு, அப்படியே வேலை, வீடு, கார் லைசன்ஸ் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். வேலைக்கும் வீட்டுக்கும் லைசன்சுக்கும் பதில் சொல்ல, எங்கள் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தேநீர்க்கடைக்குப் பத்துப் பேர் நிற்கிறார்கள். நான் இந்த முக விசயத்தை மட்டும் சொல்கிறேன். எங்கள் சனம் அதிகம் பிழையாகக் கதைப்பது இதில்தான்.

சட்டம் இருப்பது உண்மை. 2010 ஒக்டோபர் 11 இல் வந்தது, 2011 ஏப்ரல் 11 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முகத்தை மறைப்பதற்கென்றே உள்ள உடையைப் பொது இடத்தில் போடக்கூடாது என்கிறது. வீதி, கடை, ஸ்டேசன், பஸ், ஆஸ்பத்திரி, அரச அலுவலகம் எல்லாமே பொது இடம். தண்டம் 150 யூரோ வரை போகலாம், குடியுரிமை வகுப்பு ஒன்றுக்குப் போகச் சொல்லவும் கூடும். ஒருவரை மிரட்டி முகத்தை மூட வைப்பவருக்கு ஒரு வருடச் சிறையும் 30,000 யூரோவும். ஆனால் வெறும் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் இதற்குள் வராது. குளிருக்கு மூக்குவரை மஃப்ளர் சுற்றியதற்காக ஒருவரைப் பிடித்தார்கள் என்று இத்தனை வருடத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. மோட்டார் சைக்கிள் ஓடுபவர் ஹெல்மெற் போடத்தான் வேண்டும். வைத்தியக் காரணம், தொழில், விளையாட்டு, திருவிழா எல்லாவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆகவே அந்த 150 யூரோக் கதையை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அலுவலக வாசலில் நடப்பது வேறு. அங்கே சட்டப் புத்தகம் யாரும் பார்ப்பதில்லை. வங்கியின் இரட்டைக் கதவில் ஹெல்மெற்றைக் கழற்றச் சொல்லிப் படம் ஒட்டியிருக்கும். அரச அலுவலகத்தில் பையைத் திறந்து பார்க்கும் காவலாளி உங்கள் தொப்பியையும் கண்ணாடியையும் கையால் காட்டுவார். கேட்கும் முன்பே கழற்றிவிடுங்கள். கவுண்டரில் இருப்பவர் உங்கள் அட்டையில் இருக்கும் படத்தையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்தப் படம் எடுக்கும்போதும் தலை வெறுமையாக இருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், நிறக் கண்ணாடி கூடவே கூடாது. 35க்கு 45 மில்லிமீற்றர் படம், ஆறு மாதத்துக்குள் எடுத்தது. ஊரில் எடுத்த பழைய படத்தைக் கொண்டுபோய்த் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

ரயில் ஸ்டேசனில் பொலிஸ் மறித்தாலும் அப்படித்தான். கண்ணாடியைக் கழற்றுங்கள், பத்திரத்தைக் காட்டுங்கள். நீங்கள் யார் என்று உறுதிப்படுத்த முடியாவிட்டால் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் நாலு மணித்தியாலம் வரை வைத்திருக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தஞ்ச வழக்கு நடக்கும் ஆளுக்கு இந்த நாலு மணித்தியாலம் எதற்கு?

நான் வந்தது 1995 இல். ஜூலை 25 ஆம் தேதி சான் மிஷேல் ஸ்டேசனில் ரயிலுக்குள் குண்டு வெடித்து எட்டுப் பேர் செத்த வருடம். அதற்குப் பிறகு கார் து நோர் ரயில் ஸ்டேசனில் துவக்கோடு ஆமிக்காரர் நடப்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஆமியைக் கண்டால் ஒழுங்கை மாறி ஓடிய கால்கள் இவை. இங்கே அவர்களுக்கு நடுவால் நடந்துபோய் மெற்றோ பிடிக்க வேண்டும். இரவு முழுக்கக் கோப்பை கழுவிவிட்டு, விடியமுன் அலுவலக வாசலில் வரிசையில் நிற்போம். கம்பளித் தொப்பி, கழுத்திலிருந்து கண் வரை மஃப்ளர். உள்ளே போனதும் காவலாளி தன் நாடியில் விரலால் தட்டிக் காட்டுவான். மஃப்ளரை இறக்கு என்று அர்த்தம். கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா ஒருத்தி என் படத்தைப் பார்த்தாள், தாடி வளர்ந்த முகத்தைப் பார்த்தாள், தலையாட்டிவிட்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. முகம் பார்ப்பது அவள் கடமை. பேசாமல் துரத்துவது கடமை அல்ல.

நாங்கள் வளர்ந்த விதமும் இதில் இருக்கிறது. ஊரில் அதிகாரிக்கு முன்னால் கண்ணைத் தாழ்த்தி நிற்பதுதான் மரியாதை. இங்கே கண்ணைத் தாழ்த்தினால் எதையோ ஒளிக்கிறான் என்று நினைப்பார்கள். தொப்பியைக் கழற்றி, "போன்ஜூர் மதாம்" என்று நேரே முகத்தைப் பார்த்துச் சொல்லப் பழகினேன். பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான். முப்பது வருடம் இருந்தும் அதைப் பழகாமல், "வெள்ளைக்காரனுக்கு எங்களைப் பிடிக்காது" என்று முறையிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆலோசனை கேட்காதீர்கள்.

முகம் மறைத்தவரைக் கண்டால் எனக்கும் வயிறு கலங்கும், மறைக்கவில்லை. இந்திய இராணுவம் நின்ற காலத்தில் எங்கள் ஊர்ப் பொடியன்களைக் கோயில் வீதியில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி இருந்தான். தலை முழுக்கச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை, ஒரு ஓட்டை பெரிதாகக் கிழிந்து இமை தெரிந்தது. அந்தத் தலை அசைந்தால் ஆள் போனான். அதனால் பாதுகாப்புக்காக முகம் காட்டச் சொல்வதன் நியாயம் எனக்கு விளங்கும்.

அதை வைத்துக்கொண்டு வீதியில் போகும் முஸ்லிம் பெண்ணைப் பார்த்து எங்கள் ஆட்கள் முணுமுணுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. முக்காடு இந்தச் சட்டத்துக்குள் வரவே வராது. அரச பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு 2004 இலிருந்து வேறு சட்டம், அரச ஊழியருக்கு வேறு விதி. கவுண்டருக்கு வரும் பெண் முக்காடோடு தாராளமாக வரலாம். முழுமுகத் திரை விசயத்திலும் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014 ஜூலை 1 இல் என்ன சொன்னது? பாதுகாப்புக்காக எல்லோருக்கும் எல்லா இடத்திலும் தடை போடுவது மிகை, சந்தேகம் வரும் இடத்தில் முகத்தைக் காட்டினால் போதும் என்றது. சேர்ந்து வாழ முகம் தெரிய வேண்டும் என்ற பிரான்சின் மற்ற வாதத்தை ஏற்றுத்தான் சட்டத்தை நிற்கவிட்டது. 2020 இல் இதே நாட்டில் கடைக்குள் முகக்கவசம் இல்லாவிட்டால் 135 யூரோ தண்டம் என்றார்கள். அப்போது பாதி முகம் மூடி நின்ற எங்களைக் கண்டு யாரும் பயப்படவில்லை. 2019 இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு இலங்கையில் அவசரகாலச் சட்டத்தால் முகத்திரையைத் தடை செய்தபோது கைதட்டிய எங்கள் ஆட்கள், எங்கள் மேல் அதே அவசரகாலச் சட்டம் எத்தனை வருடம் கிடந்தது என்பதை எப்படி மறந்தார்கள்?

இன்னொன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்கோ வேறு எதற்கோ ஊர்வலம் போவீர்கள். கொழும்புக்குப் படம் போய்விடும், ஊரில் அம்மாவை விசாரிப்பார்கள் என்று பயந்து தொப்பி, கண்ணாடி, மஃப்ளர் எல்லாம் போட்டு மூடுவீர்கள். 2009 இல் வீதியில் நின்றவர்களில் பலர் அப்படித்தான் நின்றார்கள். இப்போது அப்படிச் செய்யாதீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து, ஊர்வலத்தில் குழப்பம் நடக்கும்போது அல்லது நடக்கக்கூடிய நிலையில் தக்க காரணமில்லாமல் முகத்தை மறைப்பது குற்றம். ஒரு வருடச் சிறையும் 15,000 யூரோவும் வரை போகும். இது தண்டச் சீட்டோடு முடியாது, பதிவில் விழும். பயமாக இருந்தால் அன்று வீட்டில் நில்லுங்கள், யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் கண்ணுக்கு ஒரு வழி இருக்கிறது. கண் டொக்டரிடம் போய், வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது என்று பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். ஒரு பிரதி பையில், ஒரு பிரதி வழக்குக் கோப்பில். காவலாளி கேட்டால் கண்ணாடியைக் கழற்றி முகத்தைக் காட்டுங்கள், அவர் பார்த்த பிறகு கடிதத்தை நீட்டி, திரும்பப் போடலாமா என்று கேளுங்கள். அந்தக் காயத்தைப் பற்றியும் உங்கள் வக்கீலிடம் முழுக்கச் சொல்லுங்கள். தஞ்ச வழக்கில் அந்தத் தழும்பு உங்கள் பக்கத்துச் சாட்சி, அதை ஏன் ஒளிக்க வேண்டும்? மற்றக் கேள்விகளுக்கு வேறு யாராவது பதில் எழுதட்டும். லைசன்ஸ் விசயத்தில் மட்டும் காசு கேட்கும் தரகரிடம் போய்விடாதீர்கள்.