தா ஹுவாங் மூ தான் தாங் என்றால் என்ன? குடல் சீழ்க்கட்டிக்கு அதை ஏன் கொடுத்தார்கள்?

குடலில் சீழ்க்கட்டி வந்தால் சீன வைத்தியர்கள் கொடுத்த பழைய கஷாயம் இது. முதல் இரண்டு சரக்கு பெயரிலேயே இருக்கிறது: ருபார்ப் வேர், பியோனிச் செடியின் வேர்ப்பட்டை. அப்புறம் பீச் கொட்டைப் பருப்பு, நம் சமையலறையில் வீசி எறியும் நீர்ப்பூசணி விதை, பேதி உப்பு ஒன்று.

கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த சீன வைத்தியர் ஜாங் சோங்ஜிங் சொன்ன செய்முறை அழகானது. முதல் நான்கையும் ஆறு பங்கு நீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சி, சக்கையை வடித்த பிறகுதான் உப்பைப் போட வேண்டும். மறுபடி ஒரு கொதி. முழுவதையும் ஒரே வேளையில் குடிக்க வேண்டும்.

காரணம்? சூடும் ரத்தமும் ஓரிடத்தில் தேங்கினால் அழுகிச் சீழாகும் என்பது அவர்கள் கணிப்பு. கிளறாத எருக்குவியலுக்குள் கைவிட்டால் சுடுமே, அதுபோல. குவியலைக் கலைத்தால் சூடு ஆறும். இங்கே ருபார்பும் உப்பும் வயிற்றைக் கழியவைக்கும். பியோனியும் பீச்சும் தேங்கிய ரத்தத்தை நகர்த்தும். பூசணி விதை சீழை வடிக்கும் என்று நம்பினார்கள்.

மூலிகைதானே, அப்பெண்டிக்ஸ் (குடல்வால்) வலிக்குக் குடித்துப் பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், வீங்கிய குடல்வால் வெடித்தால் உயிருக்கே ஆபத்து, வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.