வாசகர் கேள்வி – பதில்: பழைய இரும்புக் கிராதியைப் புதுப்பிக்கும் முன்

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டு முகப்பில் நூறாண்டுகளுக்கு முற்பட்ட இரும்புக் கிராதி ஒன்று உள்ளது. அதில் இரண்டு சுருள்கள் உடைந்து தொலைந்துவிட்டன. அடிச்சட்டம் துருவேறி இதழிதழாகப் பெயர்கிறது. முழுவதையும் கழற்றி, மணல் பீய்ச்சித் துருவை நீக்கி, புதுக் கம்பியில் சுருள் வளைத்து வெல்டிங் செய்து தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: இப்போதைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் கிராதி எந்த இரும்பால் ஆனது என்பதை முதலில் அறிய வேண்டும். வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை இருப்பதால் அது வளையாமல் உடையும். அச்சில் வார்த்த கோடும் பெரும்பாலும் தெரியும். உலையில் காய்ச்சி அடித்து உருவாக்கும் தேனிரும்பில் கரி மிகக் குறைவு. உருக்கியபோது தங்கிய கசடு அதனுள் நீள நீளமாக ஓடும். சட்டம் இதழிதழாகப் பெயர்வதைப் பார்த்தால் உங்களுடையது தேனிரும்பாகவே இருக்கக்கூடும். உடைந்து கிடக்கும் துண்டு ஒன்றைப் பாதிவரை அறுத்து, சூடாக்காமல் வளைத்துப் பாருங்கள். பிளந்த மூங்கிலைப் போல நார்நாராகக் கிழிந்தால் ஐயமே வேண்டாம்.

இங்கிலாந்தின் இரும்பு உற்பத்தியாளர் ஹென்றி கார்ட் 1784-இல் காப்புரிமை பெற்ற முறையில் உலகெங்கும் உற்பத்தியான தேனிரும்பை மலிவான எஃகு மெல்ல மெல்ல ஒதுக்கிவிட்டது. பிரிட்டனில் இதைத் தயாரித்துவந்த கடைசி ஆலையும் 1970-களில் போல்ட்டன் நகரில் மூடப்பட்டது. ஆகவே பழைய கிராதியிலிருந்து வெட்டி எறியும் ஒவ்வொரு துண்டும் மீண்டும் கிடைக்காத பொருள். அடிச்சட்டத்தில் உளுத்த பகுதியை மட்டும் சாய்வாக வெட்டி, அந்த அளவுக்கே புதுத் துண்டைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மணல் பீய்ச்சுவதை நான் ஏற்பதில்லை. உலையிலும் சுத்தியலடியிலும் இரும்பின் மேல் உருவான கருந்தோல் அதில் போய்விடும். கொல்லரின் கைத்தடமும் மழுங்கும். கம்பித் தூரிகையும் சுரண்டியும் மெதுவாக வேலை செய்தாலும் போதுமானவை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தீயில் எரித்தோ, உலர்ந்த நிலையில் தேய்த்தோ அதை எடுக்கக் கூடாது.

தொலைந்த சுருளுக்கு இணையான சுருள் மறுபக்கத்தில் இருந்தால், அதை உள்ளபடியே தகட்டின்மீது சாக்குக் கட்டியால் வரைந்து, நடுக்கோட்டில் நூலை வைத்து நீளம் அளக்க வேண்டும். நுனியைத் தட்டிக் கூராக்கும்போது இரும்பு நீளும்; அதைக் கழித்தே வெட்ட வேண்டும். அக்காலக் கம்பிகள் அங்குலக் கணக்கில் உருட்டப்பட்டவை. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ.; கடையில் கிடைப்பது 20 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட்டால், பழையதன் அருகில் வைத்ததும் பருமன் கண்ணை உறுத்தும். பழமையாகக் காட்டுவதற்காகப் புதுச் சுருளைக் குழிகுழியாகத் தட்டும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அக்காலக் கொல்லர்கள் வழவழப்பாக முடிப்பதையே திறமையாகக் கருதினார்கள்.

இணைப்புகளிலும் வெல்டிங் வேண்டாம். கிராதியில் ரிவெட்டும், சுருள்களைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டைகளும் இருந்தால் புதியதிலும் அவையே வர வேண்டும். சூடாகச் சுற்றிய பட்டை ஆறும்போது தானே இறுகிக்கொள்ளும். பழைய தேனிரும்புத் துண்டையே மீண்டும் உலையில் இடுவதானால் வெண்சூட்டுக்கு அருகில் அடிக்க வேண்டும். மங்கிய செஞ்சூட்டில் அடித்தால் நார்வாக்கில் பிளந்துவிடும். புதுச் சுருளின் பின்பக்கத்தில் செய்த ஆண்டைப் பொறித்துவிட்டால், பின்னாளில் பழையதையும் புதியதையும் பிரித்தறியலாம்.

கேள்வி: துருவேறிய பழைய கீல்களை வீட்டிலேயே சுத்தம் செய்ய முடியுமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: முடியும். சலவைச் சோடா கரைத்த நீரில் கீலை மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைக் கீலிலும் நேர்முனையைப் பழைய இரும்புத் தகட்டிலும் இணைத்தால், துரு இளகி உதிரும். கீலும் தகடும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பயன்படுத்தினால் நச்சுள்ள குரோமியச் சேர்மம் உருவாகும். ஹைட்ரஜன் வாயுவும் வெளிவருவதால் இதைத் திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்யுங்கள். எடுத்ததும் கழுவி, உடனே உலர்த்தி, கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கித் தேன்மெழுகு தடவுங்கள். ஈரமாக வைத்தால் அன்றே மீண்டும் துருப்பிடிக்கும்.