மகள் சாஃப்ட்பால் கோச் ஆக வேண்டும் என்கிறாள்: டெக்சாஸில் இருந்து கேட்ட ஒரு தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு முடிக்கப்போகும் மகள் திடீரென்று "நான் சாஃப்ட்பால் கோச் ஆகப் போறேன்" என்றால், அதுவும் பேஸ்பால் மாதிரி மட்டையும் பந்துமாகப் பெண்கள் ஆடும் ஆட்டத்துக்கு, எந்த அப்பாவுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான். அமெரிக்கக் கல்லூரிகளில் முழுநேரச் சம்பளத்துக்குச் செய்யும் வேலை.

பேட்டி காஸோவின் பெயரை மகள் சொல்லியிருப்பாள். 1995 முதல் ஒக்லஹோமா பல்கலைக்கழக சாஃப்ட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளர். 8 தேசியப் பட்டங்கள், அதில் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு. ஆண்டுச் சம்பளம் பத்து லட்சம் டாலருக்கு மேல். அந்தத் தொகையை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஒக்லஹோமாவுக்கு வருவதற்கு முன் அவர் லாங் பீச்சில் ஓர் இரண்டாண்டுக் கல்லூரியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். உங்கள் மகள் தொடங்கப்போவதும் அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான்.

அந்த இடம் எப்படி இருக்கும்? சென்ற மார்ச்சில் ஒரு சிறிய கல்லூரி மைதானத்துக்குப் போயிருந்தேன். முந்தின இரவு நல்ல மழை. காலை ஏழரை மணிக்கு உதவிப் பயிற்சியாளர் ஒருவர், இருபத்தைந்து வயதிருக்கும், மண்டிபோட்டு உட்கார்ந்து இரண்டாம் பேஸ் ஓரம் தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். ஆட்டத்தின் நடுவே, மூன்றாவது முறையும் அவுட்டாகி முகத்தை மூடிக்கொண்டிருந்த முதலாண்டு மாணவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினார். ஆட்டம் முடிந்து சீருடைகளை மூட்டை கட்டித் துவைக்க எடுத்துப்போனதும் அவர்தான். மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முகம் சுளிக்கிறாளா, "அவங்க எந்த காலேஜ்?" என்று கேட்கிறாளா என்று கவனியுங்கள்.

சீசன் ஆட்டங்கள் பிப்ரவரியிலிருந்து மே வரை, கடைசிவரை போகும் அணிகளுக்கு ஜூன் தொடக்கம் வரைதான். மற்ற மாதங்களில் அணிக்குப் புதிய ஆட்டக்காரர்களைத் தேடும் வேலை. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் ஒன்றில், ஒரு பள்ளி மாணவி பதினோராம் வகுப்புக்கு வரும் ஆண்டின் செப்டம்பர் 1-க்குப் பிறகுதான் கோச் அவளிடம் நேரடியாகப் பேசலாம். அதற்கு முன்பே பார்த்து வைக்க வேண்டுமே! கோடை முழுக்க வெயிலில், ஊர் ஊராகப் பள்ளிப் பெண்களின் போட்டிகளைப் பார்த்துக்கொண்டு அலைய வேண்டும். சீசனில் மாணவிகளுக்குப் பயிற்சியும் ஆட்டமும் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி உண்டு, கோச்சுக்கு அப்படி எதுவும் கிடையாது.

வேலை நிரந்தரமா என்று கேட்டீர்கள். இல்லை. தலைமைப் பயிற்சியாளர் மாறினால் உதவியாளர்களும் பெட்டி கட்ட வேண்டிவரலாம். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் அவளைத் தடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அவள் கேட்சர், அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள். பந்து வீசும் பிட்சர் நிற்பது 43 அடி தூரத்தில், பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். அடுத்த பந்து எது என்று யோசிப்பதும், பிட்சர் தடுமாறினால் நேரம் கேட்டு எழுந்துபோய்த் தைரியம் சொல்வதும் கேட்சர்தான். பாதி கோச் வேலையை அவள் இப்போதே செய்துகொண்டிருக்கிறாள்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. 1972-இல் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று டைட்டில் நைன் சட்டம் வந்தபோது கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்துக்கு ஒன்பதைப் பெண்களே பயிற்றுவித்தார்கள். சட்டத்தால் பணமும் சம்பளமும் வந்தன, கூடவே ஆண்களும் வந்தார்கள். எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அணிகளில் பெண் கோச்களின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. தானாகவே வருகிறேன் என்று சொல்லும் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சரி, வழி என்ன? பட்டத்தை முடிக்கட்டும், அதில் பேச்சே இல்லை. அப்புறம் கிராஜுவேட் அசிஸ்டன்ட் இடங்களுக்கு விண்ணப்பிக்கட்டும். அணியில் வேலை செய்துகொண்டே முதுகலை படிக்கலாம். கட்டணத்தில் பெரும்பகுதியோ முழுவதுமோ கழியும், கைச்செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள். இரண்டு வருடத்தில் இது ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டாலும் கையில் முதுகலைப் பட்டம் இருக்கும். அவள் படித்த கம்ப்யூட்டரும் வீணாகாது. பந்தின் சுழற்சியை அளக்கும் கருவிகளும் வீடியோ அலசலும் தெரிந்த ஆளுக்கு இன்று அணிகளில் நல்ல வேலை இருக்கிறது.

சீசன் முடிந்து கோச்கள் இடம் மாறும் கோடையில்தான் காலியிடங்கள் அதிகம் வரும். அதனால் இந்த மாதமே தன் கோச்சிடம் விருப்பத்தைச் சொல்லிவிடட்டும். நீங்களும் ஒருநாள் லீவு போட்டு, ஆட்டத்துக்கு வேண்டாம், ஒரு பயிற்சி நாளுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.