சுங்கை சிப்புட்டில் தக்காளி போட்டால் சீனாவோடு மோத வேண்டுமா?

கேள்வி: ஐயா, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயத்துக்குப் பின்னால் கால் ஏக்கர் நிலத்தில் கத்தரியும் வெண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். இந்த முறை தக்காளி போட ஆசை. உலகத் தக்காளியில் மூன்றில் ஒரு பங்கு சீனாவில் விளைகிறதாமே, அவர்கள் விலைக்கு நாம் ஈடுகொடுக்க முடியுமா?

பதில்: சீனாவை விடுங்கள், உங்களுக்குப் போட்டி நம் நாட்டிலேயே குளிரில் காய்கறி விளைவிக்கும் கேமரன் மலை.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 19 கோடி டன் தக்காளி விளைகிறது. நீங்கள் சொன்ன கணக்கு சரிதான். சீனாவுக்கு அடுத்து இந்தியா, சுமார் 2 கோடி டன். ஆனால் இந்த இரண்டு நாட்டிலும் விளைவதில் பெரும்பகுதி அங்கேயே குழம்புக்குப் போய்விடுகிறது. பழமாக எல்லை தாண்டுவது கொஞ்சம்தான், அதுவும் பக்கத்து நாடுகளுக்கு: மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்கு, நெதர்லாந்திலிருந்து ஜெர்மனிக்கு, மொரோக்கோவிலிருந்து பிரான்சுக்கு. தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். அதைக் கப்பலேற்றி அனுப்பினால் யாருக்குக் கட்டுப்படியாகும்? தொலைதூரம் போவது காய்ச்சிச் சுண்டிய விழுது. சீனாவின் சின்ஜியாங், இத்தாலி, கலிஃபோர்னியா ஆகிய இடங்களில் ஏறக்குறைய 6 கிலோ பழத்தைச் சுண்டவைத்து ஒரு கிலோ விழுது எடுக்கிறார்கள். அது சாஸ் தொழிற்சாலைக்குப் போகும். பாசாரில் (சந்தையில்) ரசத்துக்குப் பழம் பொறுக்குகிறவர் அதைத் தேட மாட்டார்.

கேமரன் மலை அப்படியில்லை. சிம்பாங் பூலாய் வழியாக லாரி காலையில் இறங்கிவிடும். அங்கே இரவுக் குளிர் 20 டிகிரிக்குக் கீழே. அதில் பூ நன்றாகப் பிஞ்சு பிடிக்கும். நம் ஊரில் இரவிலும் 23, 24 டிகிரி இருப்பதால் பூ கொட்டும். ஆகவே வெப்பம் தாங்கும் ரகம் வேண்டும். மலைக்காரர் விதையை வாங்கி இங்கே போடாதீர்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி பாக்டீரியா வாடல். உங்கள் நிலத்தில் கத்தரி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று துவண்டு செத்ததுண்டா? இனி அப்படி ஒரு செடி துவண்டால் அடித்தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் போல நூலிழையாக இறங்கினால் கிருமி மண்ணில் இருக்கிறது. மருந்தடித்துப் பயனில்லை. கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் அது தாக்கும்.

வழி இருக்கிறது: வாடல் தாங்கும் கத்தரி வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டுக்கட்டுவது. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இதற்கென்றே இ.ஜி.203 என்ற கத்தரியைப் பரிந்துரைக்கிறது. அந்த வேர் தேங்கிய தண்ணீரையும் ஓரளவு பொறுக்கும். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். புதைந்தால் தக்காளித் தண்டே வேர்விட்டு நோயை வாங்கிக்கொள்ளும். பாத்தியை ஒரு முழமாவது உயர்த்தி, மேலே பிளாஸ்டிக் கூரை போடுங்கள். மாலை மழை நேராக இலையில் விழக் கூடாது.

இந்தச் செலவெல்லாம் கால் ஏக்கருக்குத் தாங்காது. ஐம்பது செடியோடு தொடங்கி, லாரி வராத நாளில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்றுப் பாருங்கள். மார்டி (மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அலுவலகத்தில் தாழ்நில ரகமும் ஒட்டு நாற்றும் விசாரியுங்கள். நாற்று கிடைக்கவில்லையென்றால் இந்தப் போகமும் வெண்டையே போடுங்கள்.