கேளுங்கள், சொல்கிறோம்: தரையில் குடியிருந்த முதலைகள்

கேள்வி: தரையிலேயே வாழ்ந்த முதலை இனங்களைக் கண்டுபிடித்ததாகப் படித்தேன். முதலை இப்போதும்தான் கரையேறி வெயில் காய்கிறது. வெறும் எலும்பைப் பார்த்து அது தண்ணீரில் இருந்ததா, தரையில் இருந்ததா என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: கரையில் வெயில் காய்வது வேறு, கரையிலேயே குடித்தனம் நடத்துவது வேறு. இன்றைய முதலைக்குக் கண்ணும் மூக்குத் துளையும் தலையின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கும். உடம்பு மொத்தத்தையும் தண்ணீருக்குள் ஒளித்துக்கொண்டு அந்த இரண்டை மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்கத் தோதான முகம். நைஜர் நாட்டின் சகாராவில் கிடைத்து, 2009-ல் தொல்லுயிர் ஆய்வாளர்கள் பால் செரினோவும் ஹான்ஸ் லார்சனும் விவரித்த காப்ரோசூக்கஸ் என்ற பழங்கால முதலைக்கு அப்படி இல்லை. அரை மீட்டர் நீள மண்டையோட்டில் கண் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னோக்கி இருக்கிறது, கோரைப்பற்கள் காட்டுப்பன்றிக்குப் போல வெளியே துருத்துகின்றன (பன்றி முதலை என்றே செல்லப்பெயர்). ஆனால் அவர்கள் கையில் இருந்தது மண்டையோடு மட்டும்தான், கால் எலும்பைப் பார்க்காமல் எனக்குப் பாதி நம்பிக்கைதான்.

ஏனென்றால் காலும் இடுப்பும்தான் பெரிய சாட்சி. இன்றைய முதலையின் கால் உடம்பின் பக்கத்திலிருந்து விரிந்து கிளம்புகிறது. டைனோசர்கள் முதலில் தோன்றிய ட்ரையாசிக் காலத்தில் வாழ்ந்த போஸ்டோசூக்கஸ் போன்ற முதலை உறவுகளுக்கோ இடுப்புக்குழி கீழ்நோக்கித் திரும்பி, கால் நேராக உடம்புக்கு அடியில் தூண் மாதிரி நின்றது. அப்புறம் பல்: கவ்விப் பிடிக்கும் கூம்புப் பல்லுக்குப் பதில், தட்டையாக, ஓரத்தில் ரம்பம் போல அறுக்கும் பல்.

கேள்வி: எல்லாமே மாமிசம் தின்பவையா?

பதில்: இல்லை. மடகாஸ்கரில் கிடைத்து 2000-ல் பெயர் சூட்டப்பட்ட சிமோசூக்கஸ் முக்கால் மீட்டர் நீளம்தான். சப்பை மூக்கு, பல முனைகள் கொண்ட பல், பெரும்பாலும் இலைதழை தின்றிருக்கும். தான்சானியாவின் பாகாசூக்கஸ் (2010) வீட்டுப் பூனை அளவு. முதலைக்கு மெல்லுகிற வழக்கமே கிடையாது, இதற்கோ பாலூட்டிகளுக்குப் போலக் கடைவாய்ப்பல்! சுவாஹிலியில் 'பாகா' என்றால் பூனை.

கேள்வி: முதலை கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறவே இல்லை என்று பள்ளியில் படித்தோமே, அது?

பதில்: தப்பு. தண்ணீரில் பதுங்குகிற ஒரு கிளை மிஞ்சியது, அதை மட்டும் பார்த்துவிட்டு மொத்தக் குடும்பத்துக்கும் அதே முகம் என்று முடிவு கட்டிவிட்டோம். இன்றும் ஆஸ்திரேலிய நன்னீர் முதலை அவசரம் வந்தால் நாலுகால் பாய்ச்சலில் ஓடும். டைனோசர்கள் அழிந்து 5 கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் தென் அமெரிக்காவில் செபெசிட் என்ற தரை முதலைகள் வேட்டையாடிக்கொண்டிருந்தன.

எனக்குப் பிடித்தது எஃபிஜியாவின் கதை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கோஸ்ட் ரான்ச் என்ற இடத்தில் 1940-களின் கடைசியில் தோண்டிய பாறைக் கட்டிகளைப் பிளாஸ்டர் பூசி நியூயார்க் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே இருப்பது வழக்கமான சின்ன டைனோசர்தானே என்று சிலவற்றைப் பிரிக்காமலே வைத்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஸ்டெர்லிங் நெஸ்பிட் என்ற ஆய்வாளர் பிரித்தால், பல்லே இல்லாத அலகும் இரண்டு கால் நடையுமாக நெருப்புக்கோழி சாயலில் ஒரு பிராணி. 2006-ல் அதற்கு எஃபிஜியா என்று பெயரிட்டு அறிவித்தார்கள். கணுக்கால் மூட்டு மட்டும் சந்தேகமில்லாமல் முதலைக் குடும்பத்துடையது.