டிரைவரின் உள்நிலையை எந்தக் கோப்பில் காட்டுவது?

கேள்வி: ஏற்காட்டில் நண்பரின் காப்பி உலர்களத்தில் ஈரப்பதம் அளக்கும் சென்சாருக்கு, சிறிய லினக்ஸ் போர்டில் இயங்கும் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) ஒன்றை எழுதியுள்ளேன். பிழைகளை, கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) செய்தி எழுதும் ஃபங்ஷனான பிரிண்ட்கே வழியாக எழுதினால், கெர்னல் லாக் நிரம்பிப் பழைய வரிகள் அழிந்துவிடுகின்றன. பிழை எண்ணிக்கையையும் ரெஜிஸ்டர் (சிப்பினுள் உள்ள சிறு சேமிப்பிடம்) மதிப்புகளையும், கெர்னலின் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் வைக்கலாமா, ப்ராக்எஃப்எஸ்ஸிலா? – வாசகர், சேலம்

பதில்: இரண்டும் வேண்டாம்; பிழை தேடும் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டுவதற்கென்றே டீபக்எஃப்எஸ் இருக்கிறது. ப்ராக்எஃப்எஸ் அடிப்படையில் புரோசஸ்களின் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களின்) விவரங்களுக்கானது. சிஸ்எஃப்எஸ்ஸில் ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்பது மரபு; அதைவிட, அங்கே வைத்த கோப்பை ஏதேனும் ஒரு நிரல் நம்பத் தொடங்கிவிட்டால், பிறகு அதன் பெயரையோ வடிவத்தையோ மாற்றுவது எளிதல்ல. பிழை தேடுகிறவருக்கோ இன்று ஒரு எண் வேண்டும், நாளை முழு அட்டவணையே வேண்டும். கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதி, 2005இல் வெளியான 2.6.11 பதிப்பில் சேர்ந்த டீபக்எஃப்எஸ்ஸில் இத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லை.

ஆனால் ஈரப்பதத்தின் அளவையே அதில் வைத்துவிடாதீர்கள். தோட்டத்து நிரல் அன்றாடம் படிக்கும் எண் பிழைத் தகவல் அன்று; அதை, சென்சார்களுக்கென கெர்னலில் உள்ள ஐஐஓ அமைப்பின் வழியே சிஸ்எஃப்எஸ்ஸில் தருவதே முறை. டீபக்எஃப்எஸ் வழக்கமாக ரூட் பயனருக்கு (முழு அதிகாரம் உள்ளவருக்கு) மட்டுமே திறந்திருக்கும். கெர்னலைக் கட்டும்போதே அதை நீக்கிவிடவும் முடியும். ஆகவே டீபக்எஃப்எஸ்ஸில் தனக்கான டைரக்டரியை உருவாக்க முடியாமல் போனாலும் டிரைவர் தன் வேலையைத் தொடர வேண்டும். உருவாக்கும் ஃபங்ஷன் திருப்பித் தரும் பிழையைச் சோதிக்கவே தேவையில்லை.

ரெஜிஸ்டர்களைக் காட்டுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சில சிப்களில் நிலை ரெஜிஸ்டரைப் படித்தவுடனே அதன் பிட்கள் அழிந்துவிடும். நீங்கள் வேடிக்கை பார்க்கக் கோப்பைத் திறந்த அந்த நொடியில், டிரைவர் காண வேண்டிய பிழைக்குறி காணாமல் போய், இல்லாத புதுப் பிழை ஒன்றைத் தேடி அலைவீர்கள். அத்தகைய ரெஜிஸ்டரை நேரே படிக்காமல், டிரைவர் கடைசியாகப் படித்துச் சேமித்த மதிப்பையே காட்டுங்கள். மற்றவற்றைப் படிக்கும்போது, டிரைவர் பயன்படுத்தும் அதே மியூடெக்ஸை (ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே நுழைய விடும் பூட்டு) பிடித்துக்கொள்ளுங்கள். டிரைவரை நீக்கும்போது முதலில் டீபக்எஃப்எஸ் டைரக்டரியை அகற்றி, அதன் பிறகே பிழை எண்ணிக்கைகள் இருக்கும் மெமரியை விடுவியுங்கள்.

வெறும் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், கடைசிப் பிழையின் குறியீட்டையும் அது நேர்ந்த நேரத்தையும் சேர்த்து வையுங்கள். போர்டுக்கு நெட்வொர்க் இணைப்பு இருந்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறாமல், சேலத்தில் இருந்தபடியே, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக அந்தக் கோப்பைப் படித்துவிடலாம்.