வீடு வாங்குபவருக்காக அதன் குறைகளைப் பார்த்து அறிக்கை எழுதும் வீட்டுப் பரிசோதனைத் தொழிலில் இருக்கிறேன். தெர்மல் கேமரா, கரையான், தண்ணீர், ரேடான் (நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயு), ட்ரோன் என்று கூடுதல் சேவைகள் சேர்த்தால் வருமானம் கூடுமா? ட்ரோன் வாங்கலாமா? எதை முதலில் சேர்க்கலாம்?

கூடும். ஆனால் நீங்கள் பட்டியல் போட்டிருக்கிற சேவைகளால் அல்ல.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். தனி ஆளாக ஓடுகிறீர்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு வீடுதான் பார்க்க முடியும் என்கிற எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். கட்டணத்தை ஏற்றலாம் என்றால் இன்னொருவர் குறைத்துச் சொல்கிறார். அந்த இன்னொருவரின் விளம்பரத்திலும் இதே பட்டியல் வரிசையாக இருக்கிறது. நாமும் நாலு கருவி வாங்கிப் போட்டால் என்ன என்று தோன்றியிருக்கும். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

கருவி வாங்குவதற்கு முன்னால் உங்கள் பழைய அறிக்கைகளை எடுத்து வைத்துப் படியுங்கள். "மேற்கொண்டு நிபுணரிடம் காட்டவும்" என்று எழுதிவிட்டு நகர்ந்த இடங்களை அடிக்கோடிடுங்கள். எந்த விஷயத்தில் அது அடிக்கடி வருகிறதோ அதுதான் உங்களுடைய முதல் கூடுதல் சேவை. வாடிக்கையாளர் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் "அப்ப யாரைக் கூப்பிடுறது?" என்று போன் செய்கிறார். தேவை அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் போய் உருவாக்க வேண்டியதில்லை.

என் விஷயத்தில் அது குளியலறைக் கசிவு. கூரையில் கறை இருக்கும், மேலே குளியலறை இருக்கும், "கசிவுக்கு வாய்ப்பு உள்ளது" என்று எழுதுவேன். விற்பவர் "அது பழைய கறைங்க, சரி பண்ணியாச்சு, பெயிண்ட் மட்டும்தான் பாக்கி" என்பார். வாங்குபவர் என் முகத்தைப் பார்ப்பார்.

அதனால் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனையைத் தனிச் சேவையாக வைத்தேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தரை வடிகாலில் காற்றடைக்கிற ரப்பர் அடைப்பானைச் செருகி, வாசலில் வரம்பு கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வந்துவிடலாம். குறைந்தது 24 மணி நேரம் கழித்து மேலே மட்டத்தையும் கீழே கூரையையும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அடைப்பானே கசிகிறதா என்று கீழ்க்குழாயில் கைவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நல்ல தரையைக் கெட்ட தரை என்று எழுதிவிடுவீர்கள்.

இந்தச் சேவை ஓட ஆரம்பித்ததும் ஒரு நீர்க்கசிவு தடுப்பு ஒப்பந்தக்காரரிடமிருந்து போன் வந்தது. "சார், நீங்க கசிவுன்னு எழுதுற வீட்டுக்கெல்லாம் என் நம்பரைக் குடுங்க. வேலை முடிஞ்சதும் உங்க பங்கு வீடு தேடி வரும்." இந்த மாதிரிப் போன் உங்களுக்கும் வரும். நான் சொன்னேன், "நம்பர் குடுக்க மாட்டேன். ஆனா நீங்க வேலை முடிச்ச பிறகு நான் வந்து பார்ப்பேன். அதுக்கு வீட்டுக்காரர் எனக்குக் காசு தருவார். சம்மதமா?" மனுஷன் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

கோபத்தில் சொன்ன அந்தப் பதில்தான் இன்றைக்கு என் தொழிலில் நன்றாக ஓடுகிற சேவை. பழுது பார்த்த பிறகு மறுபரிசோதனை. இதற்கு விளம்பரமே வேண்டாம். முதல் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், "பழுதுகள் சரிசெய்யப்பட்ட பின் இதே பரிசோதகர் மீண்டும் வந்து சரிபார்ப்பார், கட்டணம் தனி" என்று இருக்கிறது. வீடும் தெரியும், குறையும் தெரியும், படமும் கையில் இருக்கிறது. முதல் பரிசோதனைக்குப் போகும் நேரத்தில் ஒரு பகுதிதான் இதற்கு ஆகும்.

அப்படி ஒரு மறுபரிசோதனையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தக்காரர் ஓடு இணைப்புகளையெல்லாம் புதிதாகப் பூசிப் பளபளவென்று வைத்திருந்தார். நான் வழக்கம்போல் தண்ணீர் நிறுத்தினேன். ஒரு வாளியிலும் தண்ணீர் ஊற்றி, அதற்கும் உள்பக்கம் கோடு போட்டு, அதே தரையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் தரைத் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. ஒப்பந்தக்காரர் அசரவில்லை. "ஆவியாயிருக்கும் சார், ஜன்னல் திறந்திருக்கு பாருங்க." வாளியைக் காட்டினேன். வாளித் தண்ணீர் கோட்டில் அப்படியே நின்றது. ஒரே அறை, ஒரே ஜன்னல், ஒரே காற்று. தரையில் இருப்பது மட்டும் தனியாக ஆவியாகுமா? வீட்டுக்கார அம்மா சிரித்துவிட்டார். வடிகால் குழாய் தரையைத் துளைத்து இறங்குகிற இடத்தைச் சுற்றி எதுவும் அடைக்கவில்லை, மேல் பூச்சு மட்டும்தான். அந்த அம்மா பிறகு தன் தங்கை வாங்கவிருந்த வீட்டுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்.

"நீங்களே பழுதும் பார்த்துக் கொடுத்தால் இன்னும் லாபம்தானே?" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள், தெரியும். குறையைக் கண்டுபிடிக்கிறவனுக்கே அந்தக் குறையில் லாபம் இருந்தால் அவன் அறிக்கையை யார் நம்புவார்கள்? இது என் சொந்தப் பிடிவாதமும் அல்ல. 1976-இல் தொடங்கிய அமெரிக்க வீட்டுப் பரிசோதகர்கள் சங்கத்தின் நெறிமுறையிலேயே, பரிசோதித்த வீட்டில் தன் ஆய்வுக்கு உட்பட்ட பாகங்களை ஒரு வருடத்துக்குக் கூலி வாங்கிப் பழுதுபார்க்கக் கூடாது என்று இருக்கிறது. பத்துப் பேரை வேலைக்கு வைத்துப் பெரிய நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. தனி ஆளுக்குச் சொல்கிறேன்.

இப்போது தெர்மல் கேமரா. வாங்கலாம், ஆனால் படிக்கத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அது சுவருக்குள்ளே பார்ப்பதில்லை. மேற்பரப்பின் வெப்பத்தைத்தான் காட்டும். ஈரமான இடம் ஆவியாதலால் குளிர்ந்து நீலமாகத் தெரியும் என்பது சரி. ஆனால் ஏசிக் காற்று அடிக்கிற இடமும் நீலமாகத்தான் தெரியும். பளபளக்கும் உலோகத்தைப் பிடித்தால் எதிரே நிற்கிற உங்கள் சூட்டையே திருப்பிக் காட்டும். அதனால் நீலம் தெரிந்த இடத்தில் ஈரமானியை வைத்துப் பார்க்காமல் "கசிவு" என்று எழுதக் கூடாது. ஈரமானியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஊசி வைத்த மானிகள் பெரும்பாலும் மரத்துக்கு அளவு திருத்தப்பட்டவை. சிமெண்ட் பூச்சில் வைத்தால் வருகிற எண் சதவீதம் அல்ல, ஒப்பீட்டுக்கு மட்டும்தான். உப்புப் பூத்த சுவரில் ஈரம் குறைந்திருந்தாலும் எண் எகிறும். அதே சுவரில் காய்ந்த இடம் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு எண்ணையும் அறிக்கையில் போடுங்கள்.

அந்தக் கேமராவுக்கு இன்னும் நல்ல வேலை மின் பலகையில் இருக்கிறது. வெறும் பலகையைப் படம் பிடித்துப் பயனில்லை, சுமை ஓட வேண்டும். குறைந்தது 40 சதவீதச் சுமையாவது இருக்கும்போது பார்க்கச் சொல்வார்கள். ஏசி, வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பாருங்கள். ஒரே சுமை ஓடுகிற இரண்டு ஒரேமாதிரி இணைப்புகளுக்கு இடையே 15 டிகிரி செல்சியசுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது உடனடியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். பலகை மூடியைக் கழற்ற உரிமம் கேட்கிற இடமாக இருந்தால் உரிமமுள்ள மின்பணியாளர் கழற்றட்டும், நீங்கள் படம் பிடியுங்கள்.

ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கிற பாதுகாப்புச் சுவிட்ச், அதன் சோதனையும் இதோடு சேரும். டெஸ்ட் பட்டனை அழுத்தி "டப்" என்று விழுந்துவிட்டால் சரி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டன் உள்ளே இருக்கிற பொறி வேலை செய்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு 300 மில்லி விநாடிக்குள் துண்டிக்கிறதா என்பதை அளக்கத் தனி மானி வேண்டும். கையடக்கக் கருவிதான். நம்மில் பலரிடம் அது இல்லாததால் நீங்கள் தனித்துத் தெரிவீர்கள்.

தண்ணீர்ப் பரிசோதனை பற்றிக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சூடாகிவிடும். டிடிஎஸ் மானியைக் குவளையில் நனைத்து, எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது பரிசோதனை அல்ல. கரைந்த உப்பின் அளவுதான் அதில் தெரியும், கிருமி தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, குடிநீரில் 100 மில்லிக்கு ஒரு ஈ.கோலி (மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் கிருமி) கூட இருக்கக் கூடாது என்பது. அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். உங்கள் வேலை மாதிரி எடுப்பது. ஆய்வகம் தருகிற கிருமி நீக்கிய பாட்டிலில், குழாய் முனைச் சல்லடையைக் கழற்றிவிட்டு, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முடிவின் கீழே ஆய்வகத்தின் கையெழுத்து இருக்கும், உங்களுடையது இருக்காது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ரேடானை நிலத்தின் பாறைத் தன்மையைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். தேவையில்லாத இடத்தில் அதை விற்பது பயத்தை விற்பதுதான். கரையானுக்கும் கழிவுக் குழாய்க் கேமராவுக்கும் ஆள் வைத்து ஒப்பந்த முறையில் செய்யுங்கள். சொந்தமாக வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.

விலை விஷயத்தில் ஒன்று. ஒரே நடையில் முடிகிற சேவைக்கும் மறுநாள் திரும்பி வர வேண்டிய சேவைக்கும் ஒரே விலை வைக்காதீர்கள். தண்ணீர் தேக்கும் சோதனைக்கு வேலை சொற்பம், ஆனால் இரண்டு நடை. அந்த இரண்டாவது நடைக்குத்தான் காசு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறாது. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, ராத்திரி உட்கார்ந்து எழுதுகிற அறிக்கை மறுநாளே வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒருவர் வீட்டை வேண்டாம் என்று விட்டால், என் அறிக்கையை அடுத்து வருகிறவருக்கு இடைத்தரகரே அனுப்பிவிடுகிறார். அதுவும் முழுசாக அல்ல, நல்லதாக எழுதிய பக்கங்களை மட்டும். அதை நம்பி வீடு வாங்கியவர் ஒருவர் எனக்குப் போன் செய்து "நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்களே" என்று சத்தம் போட்டார். அவர் யார் என்றே எனக்குத் தெரியாது! இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் வாடிக்கையாளர் பெயரும், மொத்தம் எத்தனை பக்கம் என்பதும், "மற்றவர் நம்பிச் செயல்பட இது எழுதப்படவில்லை" என்பதும் அச்சாகிறது. அப்படியும் நிற்கவில்லை.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சேவைக்கும் தனி ஒப்பந்தப் பக்கம் போடுங்கள். தேக்கும் சோதனை என்றால் அந்தத் தரை, அந்த நாள் மட்டும், சுவருக்குள் ஓடும் குழாய் இதில் அடங்காது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தொழில் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால், புதிய சேவை அதற்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். முகவர் போனில் "அதெல்லாம் வரும் சார்" என்று சொல்வது செல்லாது.

ட்ரோன் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏணி எட்டாத சரிவுக் கூரைகளை அடிக்கடி பார்க்கிறவராக இருந்தால், பறக்கவிடும் அனுமதி விதிகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். எனக்கு வருகிற வீடுகளுக்கு நீட்டுக் கம்பில் மாட்டிய கேமராவே போதுமாக இருக்கிறது. அதை இயக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, காற்று அடித்தாலும் வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.